எண்ணெய்த் தண்ணியும் நல்ல தண்ணியும்

உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க நான் மழை பெய்ய வைத்துக்கொண்டிருந்தேன். புதுக் காரை ஒரு கூண்டுக்குள் ஓட்டி, நாலு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி, வெளியே எடுத்து, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது என் வேலை. இதற்கு மாதாமாதம் சம்பளமும், தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியும், ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். குத்துக்கல்வலசை வீட்டில் மாட்டிய கொஞ்ச நாளிலேயே கடிகாரம் நின்றுவிட்டது. தரக்கட்டுப்பாட்டுத் துறை தேர்ந்தெடுத்துக் கொடுத்த கடிகாரம் அது.

போன வாரம் பழைய சகா ஒருவர் போன் பண்ணினார். கூண்டில் இப்போது கேமரா வைத்துவிட்டார்களாம். ஈரத்தைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடுமாம். "அண்ணாச்சி, உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க, புதுசா சேர்றவங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார். ஊக்கம் வேண்டுமென்றால் அவர்கள் ஒரு காப்பி குடித்துக்கொள்ளட்டும். என்னிடம் இருப்பது ஓர் ஈரக் கார்ப்பெட்டின் கதை. அதில் கொஞ்சம் நல்லெண்ணெயும் ஒரு பெண்ணின் வேலையும் கலந்திருக்கின்றன.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த விதத்தைச் சுருக்கிவிடுகிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்களுடையது நெல் போட்ட குடும்பம். எந்த வரப்பில் தண்ணீர் கசிகிறது என்று பார்க்க வீட்டில் ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருந்தார்கள். அதனால் என்னை டிப்ளமா படிக்க அனுப்பினார்கள். சென்னைக்கு வெளியே கார் கம்பெனியில் பெயிண்ட் பகுதியில் சேர்ந்தேன், தும்மித் தும்மி ஒரு கதவு முழுக்கப் புள்ளி வைத்தேன். வேறு பகுதிக்கு மாற்றும்போது அதிகாரி ஊரைக் கேட்டார். குற்றாலம் பக்கம் என்றேன். "அப்ப வாட்டர் டெஸ்டுக்குப் போ" என்றார். என்னுடைய சிறப்புத் தகுதி அவ்வளவுதான்.

நாங்கள் செய்தது நடுத்தர எஸ்யூவி. மலையேறும், ஆற்றைக் கடக்கும் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். வாங்கியவர்கள் அதில் ஏறிக் காய்கறி வாங்கப் போவார்கள். கியர் பெட்டி ஒரு நாட்டிலிருந்து வரும், கண்ணாடி இன்னொரு நாட்டிலிருந்து வரும், வயர்க் கட்டு பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும். எல்லாம் ஒரே லைனில் சேர்ந்து வண்டியாகி, பிறகு நாட்டுக்கு ஒரு வேஷம் கட்டிக்கொண்டு கப்பலேறும். பாலைவன நாட்டுக்குப் போவதில் ஏசி பேய் மாதிரி அடிக்கும். குளிர் நாட்டுக்குப் போவதில் சீட்டுக்குச் சூடேற்றி இருக்கும், காலடியில் கார்ப்பெட்டுக்குக் கீழே தடித்த மெத்தை இருக்கும். பல நாடுகளுக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். ஹாரன் சத்தமே காதில் விழக்கூடாது என்று கேட்டவர்கள் உண்டு. நம்மூர்க்காரர்கள் கேட்டது டேஷ்போர்டில் பிள்ளையார் வைக்க இடம். டிசைன் ஆட்கள் அந்த இடத்தைச் சரிவாக வைத்துத் தொலைத்தார்கள், முதல் பிரேக்கிலேயே பிள்ளையார் டிரைவர் மடியில் வந்து உட்கார்ந்தார். இதற்கென்று ஒரு கூட்டம் போட்டார்கள். நான் போன கூட்டங்களிலேயே உருப்படியானது அதுதான்.

வாட்டர் டெஸ்டில் ஒரு முறை இருந்தது. வண்டி கூண்டுக்குள் போனதும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் தண்ணீர் அடிக்கும். வெளியே வந்ததும் காற்றடித்து உலர்த்துவோம். பிறகு ஒருவர் உள்ளே ஏறி, கதவு ரப்பரைச் சுற்றி விரலை ஓட்டுவார். மூலைகளில் டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுப்பார். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிக் குழிக்குள் டார்ச் அடிப்பார். கடைசியில் கார்ப்பெட்டை அழுத்திப் பார்ப்பார். உள்ளங்கையால் அழுத்தக்கூடாது, அது எப்போதும் வேர்த்திருக்கும், எல்லாமே ஈரம் என்று சொல்லும். புறங்கையால்தான் தொட வேண்டும். குளிர்ச்சி சட்டென்று தெரியும்.

எங்கள் மேலாளர் வாசுகி மேடம் புறங்கையையும் நம்பமாட்டார். பாதத்தைத்தான் நம்புவார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். எந்த வண்டியைச் சோதித்தாலும் முதலில் பாதுகாப்பு ஷூவைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைப்பார், சாக்ஸை மடித்து அதற்குள் செருகுவார், வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கால் விரல்களால் கார்ப்பெட்டைத் துழாவுவார். பாதுகாப்பு அதிகாரி ஒரு தடவை ஆட்சேபித்தார். "ஷூவுக்குத் தண்ணி தெரியாதுங்க" என்றார் மேடம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் 'ங்க' உண்டு, பெருக்குகிறவருக்கும் உண்டு, போல்ட்டுக்கும் உண்டு. "ஏனுங்க, இந்த போல்ட்டுங்க இப்படி ஆடுதுங்களே, இதை முடுக்குனவங்க தூங்கிட்டீங்களாங்க?" என்று கேட்பார். அதைக் கேட்டவன் அடுத்த ஷிஃப்ட் வரை நெளிவான். கெட்ட வார்த்தையில் திட்டுகிற அதிகாரிகளை நாங்கள் டீக்கடையில் திட்டித் தீர்த்துக்கொள்வோம். இந்த அம்மாவை எப்படித் திட்டுவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம், குளிர் நாடு ஒன்றிலிருந்து புகார் மேல் புகார் வந்தது. மழை பெய்கிற நாளில் முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் காலடியில் தண்ணீர் தேங்குகிறது. வெயில் நாளில் ஒன்றுமில்லை. மழையில் மட்டும் ஈரம் என்றால் கூரை ஒழுகுகிறது என்றுதானே யாருக்கும் தோன்றும்? கூரையில் சன்ரூஃப் இருந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டு போவதற்கு வைத்த கண்ணாடி ஜன்னல். அதன் ஓரத்தில் விழுகிற மழைத் தண்ணீர், தூணுக்குள்ளே மறைந்திருக்கும் மெல்லிய ரப்பர் ஓஸ் வழியாக இறங்கிச் சக்கரத்துப் பக்கம் வெளியேற வேண்டும். அந்த ஊர் மெக்கானிக் தூணின் உறையைப் பிடுங்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினான். ஓஸ் கழன்று தொங்கியது.

அந்த ஓஸை மாட்டுவது பேச்சியம்மாளின் வேலை. வாசுதேவநல்லூர்ப் பெண். அப்பாவும் அண்ணனும் வயல் பார்க்க, இவள் ஐ.டி.ஐ. படித்து வந்தவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடச் சுத்தம். காலையில் லைன் ஓடுவதற்கு முன் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு கூட்டம் நடக்கும். அதில் உற்பத்தி மேலாளர் அவள் பெயரையும் ஊர் பெயரையும் சேர்த்து மைக்கில் வாசித்து, "இவங்க அலட்சியத்தால நம்ம மானம் கடல் தாண்டிப் போச்சு" என்றார். அன்றே சஸ்பெண்ட். விசாரணை முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். விசாரணை என்பது எங்கள் கம்பெனியில் முடிவை முதலில் எழுதிவிட்டுப் பிறகு நடத்துவது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊர்ப் பிள்ளை என்பதால் மட்டுமில்லை. அவள் மாட்டிய ஓஸ் ஒன்றுகூட என் கூண்டில் ஒழுகியதில்லை. பார்க்கப் போனேன். அவள் தங்கியிருந்த விடுதிக்குப் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தில், யூனிஃபார்மோடு, அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா, வேலையில்லாத நாள்ல எதுக்கு இந்த உடுப்பு?" என்றேன்.

"விடுதியில யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. ஷிஃப்ட்டுக்குக் கெளம்புத மாதிரி கெளம்பி இங்கன வந்து உக்காந்துருதேன். சங்கு ஊதுத நேரத்துக்குத் திரும்பிருவேன். ஊருக்கும் சொல்லல. எங்கப்பா கேட்டாருன்னா நேரா கம்பெனி கேட்டுக்கு வந்து நின்னுருவாரு."

"மாட்டும்போது விட்டுப் போச்சோன்னு உனக்கே சந்தேகம் உண்டா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்களும் கேக்கியளா? ஓஸ மாட்டுனா 'டொக்'குன்னு ஒரு சத்தம் கேக்கும். அது கேக்காம நான் கைய எடுத்ததே கெடையாது. அந்த மெக்கானிக்கு உறையப் பிடுங்கையில சேத்து இழுத்துருக்க மாட்டானோ? அத ஒருத்தராவது கேட்டியளா?"

கேட்கவில்லை. போட்டோ வந்த வேகத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. திரும்பி வந்து மேடத்திடம் சொன்னேன். மேடம் உடனே ஒரு வண்டியை எடுக்கச் சொன்னார். துறைமுகத்துக்குப் போகக் காத்திருந்தவற்றில் ஒன்று, அந்தக் குளிர் நாட்டு வேஷம் போட்டது, பேச்சியின் ஷிஃப்டில் கட்டியது. கூண்டில் ஏற்றி இறக்கி எவ்வளவு அடித்தும் சொட்டு இறங்கவில்லை.

"நம்ம மழைங்க நேரா விழுதுங்க. அந்த நாட்டு மழை பொடியா, காத்தோட சுத்திச் சுத்தி அடிக்குமாமுங்க. அப்படி ஒரு மழைக்கு எங்கீங்க போறது?" என்றார் மேடம்.

நான் பிறந்ததே அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது. "மேடம், இப்ப எங்க ஊர்ல சீசன். சாரல் மேல இருந்தா வரும்? பக்கவாட்டுல வரும், கீழ இருந்து மேலயும் வரும். குடைய மதிக்காது" என்றேன். அனுமதி வாங்கி, சோதனை வண்டிக்கான சிவப்பு எழுத்துப் பலகை மாட்டி, வண்டியைக் குற்றாலத்துக்குக் கிளப்பினோம். கிளம்பும்போது மேடம் ஒன்று சொன்னார். "இது அந்தப் பொண்ணு கட்டுன வண்டிங்க. கூரை ஒழுகுச்சுன்னா அவங்க வேலை போச்சுங்க. ஒழுகலைன்னாலும் காரணம் கிடைக்காம அவங்களை உள்ளே விடமாட்டாங்க. ரெண்டையும் மனசுல வச்சுக்கோங்க."

வண்டியில் நாலு பேர். ஓட்டியவர் அச்சன்புதூர் சுடலை, கம்பெனி டிரைவர். பின்னால் நானும் மிஸ்ராவும். மிஸ்ரா டிசைன் இன்ஜினியர், வடநாட்டுக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார், தொப்பையும் உண்டு. தான் வரைந்ததில் பிழை இருக்க முடியாது என்பதில் அவருக்கு அபார நம்பிக்கை. முன்னால் மேடம். ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்ததால், நம்மூரில் டிரைவர் உட்காருகிற இடத்தில் மேடம் வெறுங்காலோடு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார்ப்பெட் ஈரத்தை ஏசி காயவைத்துவிடும் என்று மேடம் வழி நெடுக அதைப் போடவிடவில்லை, ஜன்னலைத் திறந்துவைத்தே வந்தோம். தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பைக்கில் வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் ஓரங்கட்டினார். குற்றாலத்தில் பார்க்கிங் சீட்டு கிழிக்க வந்தவர் மேடத்தின் ஜன்னலில் தட்டி, "யக்கா, ஸ்டீயரிங்க எங்கன போட்டிய?" என்று கேட்டார்.

சாரல் நல்ல சாரல். ஐந்தருவிப் பக்கம் ஒரு நாள், பழைய குற்றாலம் பக்கம் ஒரு நாள், மெயின் அருவிப் பக்கம் ஒரு நாள் என்று வண்டியை நிறுத்திப் போட்டோம். மூக்கைத் திருப்பினோம், வாலைத் திருப்பினோம். குரங்குகள் சன்ரூஃப் மேல் உட்கார்ந்து எங்களைச் சோதித்தன. மேடம் ஏறி இறங்கிக் கால் விரலால் துழாவிக்கொண்டே இருந்தார். கார்ப்பெட் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாததில்லை என்று வழி நெடுக அளந்துகொண்டு வந்தவன் நான். இப்போது பேச்சு குறைந்துவிட்டது.

மெயின் அருவிக்கு வந்த நாள்தான் அந்தக் கூத்து நடந்தது. வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது, சொல்கிறேன். சீசனில் குற்றாலத்துக்கு வந்து குளிக்காமல் போவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். சாவு வீட்டுக்கு வந்தவன்கூட ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவான். நாங்களோ நாள் கணக்கில் அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கார்ப்பெட்டைத் தடவிக்கொண்டிருந்தோம்.

முதலில் உடைந்தவர் மிஸ்ரா. "அண்ணாச்சி சார், இவ்வளவு பக்கத்துல தண்ணி வச்சிட்டு குளிக்காம இருந்தா கடவுள் மன்னிக்காது" என்றார்.

"கடவுள விடுங்க சார், எங்க வீட்டுல மன்னிக்க மாட்டாவ" என்றார் சுடலை, ஏற்கெனவே சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே.

மேடம் பெண்கள் பக்கத்துக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தான் வண்டியிலேயே இருப்பதாகச் சொன்னார். எங்களைச் சீக்கிரம் வரச் சொன்னார். சீக்கிரம் என்பதைக் குற்றாலத்தில் சொன்னால் யார் கேட்பார்கள்? எண்ணெய் தேய்க்கிறவர் மிஸ்ராவைக் குப்புறப் போட்டு, நல்லெண்ணெயை ஊற்றி, தொப்பையையும் முதுகையும் பரோட்டா மாவைப் பிசைகிற மாதிரி பிசைந்தார். "ஆயி, மா" என்று அவர் போட்ட சத்தத்துக்கு ஒரு குரங்கு தேங்காயைப் போட்டுவிட்டு ஓடியது. நானும் சுடலையும் தேய்த்துக்கொண்டு, மூன்று பேரும் அருவிக்குள் போய் நின்றோம். மண்டையில் அந்தத் தண்ணீர் விழும்போது கம்பெனியாவது, கார்ப்பெட்டாவது. பேச்சியைக்கூடச் சற்று நேரம் மறந்துபோனேன்.

சொட்டச் சொட்ட வந்து வண்டிக் கதவைத் திறந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. ஈரம் புகுகிறதா என்று சோதிக்க வந்த வண்டி அது.

மேடம் எங்கள் மூன்று பேரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஏனுங்க, சோதனைங்களா இதுங்க? அருவியையே உள்ளார கொண்டு வந்துட்டீங்களே, மீன் இருந்தா அதையும் புடிச்சாந்திருக்கலாமுங்களே?"

மிஸ்ரா தலையைக் குனிந்துகொண்டார், மூக்கு நுனியிலிருந்து எண்ணெய் சொட்டியது. சுடலை ஓடிப்போய் கடையிலிருந்து பழைய செய்தித்தாள் வாங்கி வந்து சீட்டிலும் காலடியிலும் பரப்பினார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று புளியரை மலைப்பாதையில் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டியிருந்தது, மேடு பள்ளத்தில் ஓஸ் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிய. "ஏறுங்க. நடந்தது நடந்து போச்சுங்க" என்றார்.

ஈர உடம்பு மூன்று, வெளியே சாரல், மூடிய ஜன்னல். செங்கோட்டை தாண்டுவதற்குள் கண்ணாடியெல்லாம் புகை படிந்து வழி தெரியவில்லை. சுடலை ஏசியை முழுசாக வைத்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினார். நாங்கள் பின்னால் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மலையேறினோம், திரும்பி இறங்கினோம். இறக்கத்தில் பாதி தூரம் வந்திருப்போம், மேடம் கண்ணை மூடியபடியே, "நிறுத்துங்க" என்றார்.

அவர் காலடியில் தண்ணீர். பேப்பரை விலக்கிக் கார்ப்பெட்டை மிதித்தால் விரல்களுக்கு இடையே பொங்கியது.

 கூரை ஒழுகிவிட்டது, பேச்சி வேலை போய்விட்டது. சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன். "மேடம், இது எங்க தண்ணி. எங்க உடம்புல இருந்து வடிஞ்சது. இறக்கத்துல முன்னால ஓடி வந்துருக்கு."

"ஆமா மேடம், என்கிட்ட இருந்துதான் நிறைய வடிஞ்சது" என்று மிஸ்ரா தொப்பையைக் காட்டிச் சாட்சி சொன்னார். மனுஷன் அந்த ஒரு வாக்கியத்துக்காக என் மனதில் உயர்ந்துவிட்டார்.

மேடம் கதவைத் திறந்தார். கீழே இறங்கி, பின் சீட்டுக் காலடியில் கிடந்த செய்தித்தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் ஊறி, அந்தப் பக்கத்து எழுத்தெல்லாம் இந்தப் பக்கம் தெரிந்தது. தன் காலடியில் கிடந்ததை எடுத்தார். ஊறிக் கிழிந்தது, ஆனால் எண்ணெய்ப் பொட்டு ஒன்றுகூட இல்லை. விரலைத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார்.

"உங்க தண்ணி எண்ணெய்த் தண்ணிங்க. இது நல்ல தண்ணிங்க" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்காக ஒரு பொய் சொன்னேன், அதையும் என் உடம்பு எண்ணெயே காட்டிக்கொடுத்துவிட்டது. அருவியில் நின்று கூத்தடித்ததற்கு நல்ல கூலி என்று நினைத்தேன்.

மேடம் தண்ணீர் பாட்டிலை எடுத்து சுடலையிடம் கொடுத்தார். "மேல ஏறுங்க, சன்ரூஃப் ஓரத்துல ஊத்துங்க." சுடலை ஊற்றினார். நான் கீழே குனிந்து பார்த்தேன். தண்ணீர் தூண் வழியாக இறங்கி, ஒழுங்காகச் சக்கரத்துப் பக்கம் வெளியே கொட்டியது. மறு பக்கமும் அப்படியே. "அந்தப் பொண்ணு மாட்டுன ஓஸ் மாட்டுனபடியே இருக்குதுங்க" என்றார் மேடம். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அப்படியானால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மேடம் மறுபடி ஏறி உட்கார்ந்து பாதத்தை வைத்தார். விரல்களை விரித்துத் துழாவினார்.

"குளிருதுங்க" என்றார். "மழைத் தண்ணி இவ்வளவு குளிராதுங்களே."

செங்கோட்டையில் ஒரு பெட்ரோல் பங்க்கின் கூரைக்கு அடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார், இன்ஜினும் ஏசியும் ஓடியபடி. தரை காய்ந்திருந்தது. ஏசி போட்ட வண்டிக்குக் கீழே தண்ணீர் சொட்ட வேண்டும், இது கார் வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். எங்கள் வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு இல்லை. மலைப்பாதையில் தரையெல்லாம் நனைந்து கிடந்ததால் அது கண்ணில் படவேயில்லை. சாரலைத் தேடித்தான் அந்தப் பக்கம் போனோம், அந்தச் சாரலே இதை மறைத்திருக்கிறது.

மிஸ்ரா ஈர உடுப்போடு கதவோரம் மண்டிபோட்டு, முன் காலடிக் கார்ப்பெட்டைத் தூக்கிக் கையை விட்டார். வெளியே எடுத்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது. ஏசித் தண்ணீரை வெளியே விடுகிற குழாய் அங்கேதான் போகிறது. குளிர் நாட்டுக்காக வைத்த தடித்த மெத்தை அதை அமுக்கி மடக்கியிருந்தது. மற்ற நாட்டு வண்டிகளில் அந்த மெத்தை கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் மழை நாளில்தான் கண்ணாடிப் புகை போக ஏசி போடுவார்கள், அன்றுதான் தண்ணீர் உள்ளே திரும்பும். எங்கள் கூண்டில் யாரும் ஏசி போட்டுச் சோதித்ததில்லை. மூன்று ஈரத் தடியன்கள் ஏறிக் கண்ணாடியைப் புகைய வைத்திராவிட்டால் குற்றாலத்திலும் போட்டிருக்க மாட்டோம்.

"மெத்தை நான் வரைஞ்சது" என்றார் மிஸ்ரா மெதுவாக.

"வரைஞ்சீங்கங்க. இப்ப வெட்டுங்க" என்றார் மேடம். பிறகு எங்களைப் பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தார். "பரோட்டா சாப்பிடலாமுங்களா?"

மெத்தையில் ஒரு மூலையை வெட்டினார்கள், அவ்வளவுதான் வைத்தியம். கப்பல் போயிற்று. பேச்சிக்கு வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவள் கம்பெனி கேட்டுக்கு வந்தாள், உள்ளே வரவில்லை. என்னைக் கூப்பிட்டு விட்டாள்.

"எம்மா, எல்லாம் முடிஞ்சிட்டு, உள்ள வா" என்றேன்.

"எங்கன முடிஞ்சது அண்ணாச்சி? மைக்குல வச்சில்லா எம் பேரச் சொன்னாவ? ஊர்ப் பேரையும் சேத்துல்லா சொன்னாவ? தப்பு எம் மேல இல்லன்னும் அதே மைக்குல சொல்லட்டும். சொல்லலன்னா நான் மண்டபத்துலயே உக்காந்துக்கிடுதேன்."

உற்பத்தி மேலாளர், அப்படி ஒரு வழக்கமில்லை என்றார். வழக்கமில்லைதான். பெயரைக் கெடுக்க வழக்கம் இருந்தது, திருப்பிக் கொடுக்க இல்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் வாசுகி மேடம் யாரையும் கேட்காமல் மைக்கைக் கையில் எடுத்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார், ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "வாசுதேவநல்லூர் பேச்சியம்மாள் மாட்டுன ஓஸ்ல தப்பு இல்லைங்க. தப்பு எங்க டிசைன்லயும், எங்க சோதனையிலயும் இருந்ததுங்க. அவங்ககிட்ட நாங்க மன்னிப்புக் கேட்டுக்கறோமுங்க."  பிறகு யாரோ ஒருவர் ஸ்பேனரால் ரேக்கைத் தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். பேச்சி தன் இடத்துக்குப் போய்க் கையுறையை மாட்டிக்கொண்டாள். முதல் வண்டியில் 'டொக்' என்று கேட்டது.

சோதனை முறையில் ஏசியைச் சேர்த்தார்கள். உள்ளே இருப்பவரின் ஈரத்தையும் ஒழுகுகிற ஈரத்தையும் பிரிக்க, பாதத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு ஏற வேண்டும் என்று மிஸ்ரா ஒரு வரி சேர்த்துவிட்டார். கம்பெனியின் மற்ற தேசத்துத் தொழிற்சாலைகளிலும் அதைச் செய்கிறார்களாம். எதற்கு என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும் காலுக்கு நல்லது.

இந்த சீசனுக்குப் பேச்சி வந்தாள். இப்போது அவள் ஷிஃப்ட் லீடர். வீட்டுக்காரரோடும் மகளோடும், சொந்த வண்டியில். எங்கள் எஸ்யூவிதான், நம்மூர் வேஷம். ஐந்தருவியில் குளித்துவிட்டு எண்ணெயும் தண்ணீருமாக வந்து கதவைத் திறந்தாள். பழக்கம் போகவில்லை எனக்கு, ஓடிப்போய் செய்தித்தாளை எடுத்தேன்.

"பேப்பர விரிச்சுக்கிட்டு ஏறும்மா, கார்ப்பெட் நனைஞ்சிரும்."

பேச்சி பேப்பரை வாங்கி என் கையிலேயே திருப்பி வைத்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் கார்ப்பெட்டில் அழுத்தித் தேய்த்தாள்.

"நனையட்டும் அண்ணாச்சி. இந்த வண்டியில எவ்வளவு ஈரம் இருந்தாலும் எவனும் எம் பேர மைக்குல வாசிக்க முடியாதுல்லா?"